வைத்தியத்தின் தரம் அறிவது எங்ஙனம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பாட்டும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் நோயைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று குழந்தைகள் முகம் சுளிப்பது தெரிகிறது. சுருக்கமாகவே பேசுவோம். நாம் மருத்துவம் கற்றவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டுகளோடு காலம் கழிப்பவரே. ஆயினும் நோயாளியாகவும் நோயாளிக்குத் துணையாகவும் மருத்துவர் வாயிலில் காத்திருந்த அனுபவம் நமக்கும் உண்டு.

நம் காலனியில் ஒரு டாக்டரை நல்லவர் என்று எதைக் கொண்டு சொல்கிறோம்? "கைராசிக்காரர்" என்கிறோம். "ஓர் ஊசி போட்டார், காய்ச்சல் பறந்துவிட்டது" என்கிறோம். பளிங்குத் தரையும் குளிர்சாதன அறையும் கண்டால் மதிப்பு இன்னும் ஏறுகிறது. சாதாரணச் சளிக் காய்ச்சலோ ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் சில நாளில் தானே தணியும். தானே தணிந்ததற்குரிய புகழை ஊசி தட்டிக்கொண்டு போகிறது.

1966ஆம் ஆண்டில் அவெடிஸ் டொனபீடியன் என்னும் மருத்துவ அறிஞர், மருத்துவத்தின் தரத்தை மூன்று வகையாக ஆராயலாம் என்று எழுதினார். கட்டடம், கருவி, ஆட்கள் முதலிய அமைப்பு ஒன்று. நோயாளிக்கு உண்மையில் செய்யப்படும் செயல் மற்றொன்று. இறுதியில் விளையும் பயன் மூன்றாவது. நாம் முதலாவதைக் கண்டு மயங்குகிறோம். மூன்றாவதற்குக் கைராசி என்று பெயரிடுகிறோம். நடுவிலுள்ள செயலைக் கவனிப்பதேயில்லை. அதைக் கவனிக்க மருத்துவக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை.

இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். படியேறி மூச்சிரைக்க வந்தவரை உடனே பார்த்துவிடாமல், ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி வைத்துப் பார்க்கிறார்களா? பட்டையைச் சட்டைமேல் சுற்றுகிறார்களா, வெறுங்கையிலா? நீரிழிவுக்காரரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கிறார்களா? ஆண்டுக்கொரு முறை கண்ணைச் சோதிக்க அனுப்புகிறார்களா? முன்னாளில் நிலையத்தில் வண்டி நின்றதும், ஊழியர் ஒருவர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டி ஓசை கேட்டுக்கொண்டே போவார். ஓசை மாறினால் விரிசலோ என்று ஐயுற வேண்டும். பெட்டி பளபளப்பாக இருக்கிறதே என்று அவர் தட்டாமல் விட்டதில்லை.

நேரமில்லை என்பார்கள். அதுவும் மெய்யே. 67 நாடுகளைப் பற்றி 2017இல் வெளியான ஆராய்ச்சியொன்றின்படி, ஒரு நோயாளிக்கு மருத்துவர் செலவிடும் சராசரி நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்காளதேசத்தில் 48 வினாடி. நம் நாட்டில் ஏறத்தாழ 2 நிமிடம். அந்த 2 நிமிடத்திலும் கேட்கத்தக்க கேள்விகள் உண்டு.

சென்ற கோடையில் நெல்லைச் சீமையிலிருந்து மகன் வீட்டுக்கு ஒரு மூதாட்டியார் வந்திருந்தார். நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். வெள்ளிக்கிழமை விரதமென்று உணவைத் தவிர்த்தார், மாத்திரையைத் தவிர்க்கவில்லை. மாலையில் உடல் வியர்த்துக் கை நடுங்கியது. மகனும் மருமகளும் பணியில். பதினோரு வயதுப் பேரன் அருகிலிருந்த தனியார் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனான். "ஐயா, தலை கிறுகிறுன்னு வருது" என்றார் ஆச்சி. பிள்ளைக்கு இந்தி நன்றாக வரும். ஆச்சியின் தமிழ்தான் பாதி புரியும். எனவே கிறுகிறுப்பு, 'சிர் தர்த்' என்று தலைவலியாகிவிட்டது. மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. வேறு மருந்து உண்டா என்று கேட்கவுமில்லை. ஓர் ஊசியும் மூன்று வகை மாத்திரையும் தந்து அனுப்பினார்.

வீட்டு வாசலில் தள்ளாடி அமர்ந்தவரை அடுத்த வீட்டு அம்மையார் கண்டார். "ஆச்சி, இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?" என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி. நினைவு தவறுமுன் சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். பிறகு ரயில்வே மருத்துவமனையில் இரவு முழுதும் வைத்துக் கண்காணித்தார்கள். ஆச்சி நலமாக ஊர் போய்ச் சேர்ந்தார்.

எல்லாப் பழியையும் மருத்துவர்மேல் போடுவதற்கில்லை. 1971இல் வங்க எல்லையிலிருந்த அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனபிஸ் காலரா நோயாளிகளை உப்புச் சர்க்கரைக் கரைசலால் காப்பாற்றினார். இன்று ஓ.ஆர்.எஸ். என்னும் அக்கரைசலை அறியாத மருத்துவர் இல்லை; எழுதித் தருவோரோ குறைவு. ஏன்? கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000க்கு மேற்பட்ட தனியார் மருத்துவரிடம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி, பயிற்சி பெற்ற நடிகர்களை அனுப்பி ஆராய்ந்தார்கள். 2024இல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வெளிவந்தது. 'வந்தவர் இதை விரும்பமாட்டார்' என்று மருத்துவர் எண்ணுவதே பெருங்காரணமாம். அதை விரும்புவதாகச் சொன்னவருக்கு எழுதித் தந்தது மிகுந்திருந்தது. ஊசி கேட்டே பழகிய நாம் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் கேட்பதற்கு வாய் வேண்டும். ஊரிலிருந்து வரும் நம் தாய் தந்தையருக்கு இங்கே அந்த வாய் இல்லை. ரயில்வே மருத்துவமனைக் கணினியிலுள்ள குறிப்பு வெளி மருத்துவர் கண்ணில் படுவதுமில்லை. ஆகவே நம் சங்கம் இவ்வாண்டு இரண்டு காரியங்களை மேற்கொள்கிறது. உட்கொள்ளும் மருந்து, அளவு, ஒவ்வாத மருந்து ஆகியவற்றைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிக்கொள்ளும் அட்டை ஒன்று. தமிழும் இந்தியும் அறிந்த பெரியவர் ஒருவர் துணைக்குச் செல்லும் ஏற்பாடு மற்றொன்று.

அட்டைகள் செயலாளர் அவர்களிடம் உள்ளன, விலையில்லை. துணைக்குச் செல்ல இசைவோரும் அவரிடமே பெயர் தரலாம். இரவுப் பணியிலிருப்போர் மாலை வேளைக்கும், பகற்பணியிலிருப்போர் ஞாயிற்றுக்கிழமைக்கும் தந்தால் போதும். மகளிருக்குத் துணையாக மகளிரே செல்வது நலம். இதுவரை அவர்களில் இருவர் பெயர்தான் வந்துள்ளது.