விடுமுறைப் புள்ளிகளை எவ்வூரில் வாங்குவது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இரயில் ஓடாத தீவில் இரயில் சீட்டு வழங்கும் எழுத்தன் நான். பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவனல்லன். ஆயினும் பிறருடைய பயணங்களைக் கணக்கிட்டே காலங்கழித்தவன் என்ற உரிமையில், நம் குடியிருப்பில் பல வீடுகளிலும் பேசப்படும் ஒரு பொருளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். விடுமுறை விடுதிகளின் உறுப்பினர் திட்டமே அப்பொருள்.

இத்திட்டம் நம் நாட்டுக்குப் புதியதன்று. ஸ்டெர்லிங் நிறுவனம் 1986இலும், மகிந்திரா ஹாலிடேஸ் நிறுவனம் 1996இலும் தோன்றின. ஆண்டுக்கு ஒரு வாரத் தங்கல் என்று விற்பது பழைய முறை. புள்ளிகளாக விற்பது மற்றொரு முறை. கூட்டம் மிகுந்த பருவத்துக்கும் பெரிய அறைக்கும் புள்ளிகள் மிகுதியாகச் செலவாகும். முதலில் கட்டும் பெருந்தொகையோடு ஆண்டுக் கட்டணமும் உண்டு. நாம் சென்றாலும் செல்லாவிடினும் அதனைக் கட்டியே ஆகவேண்டும்.

முன்னொரு விடுப்பில் சென்னை சென்றிருந்தபோது, ஒரு நிறுவனத்தார் எங்களைக் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்தனர். மலைகளையும் கடற்கரைகளையும் படங்களாகக் காட்டி, அன்றே கையெழுத்திட்டால் சலுகை என்றனர். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த தொகையை மனத்தில் எண்ணிக்கொண்டு நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது என் மனைவியார் மெல்லக் கேட்டார்: “இருக்கிற விடுப்பில் ஏழு நாள் கொடைக்கானலில் தங்கிவிட்டால், ஊரில் இருக்கிற அத்தையை எந்த நாளில் போய்ப் பார்ப்பது?” பேனாவை மூடிவிட்டேன்.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். போர்ட் பிளேரிலிருந்து, அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் நகரிலிருந்து, சென்னைக்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாள். திரும்பவும் மூன்று நாள். கூட்டமான பருவத்தில் விடுதி அறையைப் பல மாதங்களுக்கு முன்பே கேட்டால்தான் கிடைக்கும். இரயில் முன்பதிவோ, 2024 நவம்பர் 1 முதல், 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அறை உறுதியாகியும் வழி உறுதியாகாத நிலை நமக்கு நேரும். நான் அறையைப் பார்த்தேனேயன்றி வழியைப் பார்த்தேனில்லை.

இனி, எவ்வூரில் வாங்குவது என்னும் வினாவுக்கு வருகின்றேன். அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய டிஸ்னி நிறுவனத்தின் விடுமுறைக் கழகத்தில், தாம் வாங்கிய விடுதியில் 11 மாதம் முன்பே இடம் பதியலாம்; அக்கழகத்தின் பிற விடுதிகளில் 7 மாதம் முன்புதான் பதியலாம். புள்ளி ஒன்றே, முன்னுரிமை வேறு. ஆகவே “எல்லா விடுதியும் உங்களுடையவை” என்று விற்பவர் கூறினால், “எவ்விடுதியில் எனக்கு முன்னுரிமை?” என்று கேளுங்கள். சீசன் டிக்கெட்டை நாம் நாள்தோறும் செல்லும் தடத்துக்கே வாங்குவோம். அதுபோல, வேறெங்கும் மாற்றிக்கொள்ள இயலாமற் போயினும் எவ்வூருக்கு நாம் மகிழ்ந்து செல்வோமோ, அவ்வூரிலேயே வாங்குதல் தகும். மதுரைப் பக்கத்தார்க்குக் கொடைக்கானலும், கோவைப் பக்கத்தார்க்கு உதகையும் பொருந்தக்கூடும்; ஊரிலிருந்து எளிதில் செல்லத்தக்க தொலைவிலேயே அவை அமைந்துள்ளன. உறவினர் வந்து தங்குவதற்காக இத்தீவிலேயே வாங்க எண்ணுவோர், நம் புள்ளியில் பிறர் தங்கலாமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் பெறவேண்டும்.

கையெழுத்துக்குப் பின் மனம் மாறினால் என்ன செய்வது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறிமுறை 14 நாள் அவகாசம் தருகின்றது. நம் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்பதைப் பணம் கட்டுமுன் படித்தறியுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் வாழும் இடத்திலேயே முறையீடு செய்யலாம். கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தாரிடம் ஆலோசனையும் பெறலாம்.

இத்திட்டத்தை நான் பழிக்கவில்லை. ஆண்டுதோறும் விடுப்பும் வசதியும் உடையார்க்கு அது பயன்படலாம். எங்கள் வீட்டில் மகளின் தொகை வங்கியிலேயே இருக்கின்றது. அந்த விடுப்பின் எஞ்சிய நாள்களை என் தாயாரின் திண்ணையிலேயே கழித்தோம்.