ஹூஸ்ஃபீல்டு பார்லி வயல்

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் ஹூஸ்ஃபீல்டு என்றொரு வயல் இருக்கிறது. களையை ஒழிக்கத் தரிசாக விட்ட சில ஆண்டுகள் நீங்கலாக, 1852 முதல் அங்கே பார்லிதான் பயிராகிறது. ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் அது.

அதில் ஒரு பாத்தி கவனிக்கத்தக்கது. 1852 முதல் 1871 வரை இருபது ஆண்டுகள் அதற்குத் தொழு உரம் இட்டார்கள்; பிறகு அடியோடு நிறுத்திவிட்டார்கள். நூறு ஆண்டு கழிந்த பின்னும், எருவே காணாத பக்கத்துப் பாத்தியைவிட அந்த மண்ணில் மக்குச்சத்து கூடுதலாகவே இருந்தது. மூன்றாண்டுத் திட்டம் எதிலும் இந்த உண்மை பிடிபட்டிருக்காது. புதிய ரகங்கள் வந்தபின் இன்னொன்றும் தெரிந்தது: எரு தொடர்ந்து இட்ட மண்ணில் அவை ரசாயன உரம் மட்டும் இட்ட மண்ணைவிட அதிக மகசூல் தந்தன.

இத்தனை காலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நிலையத்தை 1843-இல் தொடங்கிய ஜான் பென்னட் லாஸ், சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரித்து விற்றவர். அந்தத் தொழிலை விற்றுக் கிடைத்த தொகையில் ஒரு லட்சம் பவுனை 1889-இல் அறக்கட்டளையாக எழுதிவைத்தார். தமக்குப் பிறகும் சோதனை நிற்கக் கூடாது என்ற அக்கறை அது.

ஆஸ்திரேலியாவில் வேறு வழி. அங்கே பார்லி விற்கும் விவசாயி, விலையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறார். அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. அங்கும் பணம் இடையில் நிற்காமல் வர வேண்டும்; ஒரு புதிய ரகம் ஒட்டுக்கட்டியதிலிருந்து விதைமூட்டையாக வந்துசேர ஏறத்தாழப் பத்து ஆண்டு ஆகும்.