பிடியரிசியும் வாய்க்காலும்



2018ஆம் ஆண்டில் கொழும்பு மாநகர் ராம்சார் ஈரநில நகரமென உலக அங்கீகாரம் பெற்றது. ஆயினும் வெள்ளவத்தை வாய்க்காலோரத்துப் பிள்ளைகள் அந்நீரை நாற்றத்தால் மட்டுமே அறிவர். அதன் கதையை நாடகமாக்கி, அவர்களையே நடிக்கச் செய்ய விரும்புகிறோம்; அங்கு வரும் பறவைகளை இனங்காணவும் பழக்குவோம்.

பணத்துக்கு எங்கே போவது? சென்ற ஆண்டு ஒரு தனவந்தர் உதவினார். பாதிப்பணம் மேடையலங்காரத்துக்கும் அவருக்கான பொன்னாடைக்குமே போயிற்று. குற்றம் எம்முடையதே.

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாங்கள், காணிக்கைத் தட்டிலே சில்லறை பெருகக் கண்டவர்கள். நம் நாவலர் பெருமானும் பிடியரிசி சேர்ப்பித்தே கல்விப்பணி வளர்த்தார். ஆகவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கோர் உண்டியல் வைப்போம். மாதந்தோறும் கணக்கைச் சபையில் வாசிப்போம். பலர் தந்த பணத்துக்குப் பலருக்கும் பதில் சொல்லவேண்டும். அந்தப் பொறுப்பையே உங்களிடம் யாசிக்கிறோம்.