காது கற்கும் எல்லைக்கோடு

ஆங்கிலத்தின் ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஈடாக ஜப்பானிய மொழியில் இருப்பது, நாநுனி மேலண்ணத்தை ஒருமுறை தட்டி விலகும்போது பிறக்கும் ஒரே ஒலிதான். ஆகவே, அம்மொழியை மட்டுமே கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு, வலப்பக்கத்தைக் குறிக்கும் ‘ரைட்’, விளக்கைக் குறிக்கும் ‘லைட்’ ஆகிய இரண்டு சொற்களையும் பிரித்தறிவது பெரும்பாடாகிவிடுகிறது.

இது செவியின் குறைபாடு அன்று. பேசும்போது வாயும் தொண்டையும் கொள்ளும் வடிவத்துக்கேற்பச் சில அதிர்வெண்கள் மட்டும் ஓங்கி ஒலிக்கின்றன. அவற்றை ஒலிச்செறிவுப் பட்டைகள் எனலாம். கீழிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் பட்டை, ஆங்கில ரகரத்தில் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடுகிறது, லகரத்திலோ அதைவிட நன்றாக உயர்ந்து நிற்கிறது. (தமிழின் ழகரத்திலும் இந்தப் பட்டை தாழ்வது நமக்குச் சுவையான செய்தி.) 1975இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தப் பட்டையை மட்டும் தனியே ஒலிக்கச் செய்தபோது ஜப்பானியர்களும் அமெரிக்கர்களுக்கு இணையாக வேறுபாட்டை உணர்ந்தார்கள், அதே பட்டை ஓர் அசைக்குள் பேச்சொலியாக வந்தபோதுதான் தடுமாறினார்கள். வேறுபாடு காதுக்குள் நுழைகிறது, ஆனால் அதை எல்லைக்கோடாகக் கொள்ளும் பழக்கம் மனத்துக்கு இல்லை என்பதே இதன் பொருள்.

அந்தப் பழக்கத்தைப் பெரியவர்களிடமும் உண்டாக்க முடியும் என்பதை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஜப்பானியர் ஆறு பேருக்கு மூன்று வாரங்களில் 15 அமர்வுகள் நடந்தன. திரையில் ‘ரைட்’, ‘லைட்’ போன்ற ஓர் இணை தோன்றும்; காதில் அவற்றுள் ஒன்று ஒலிக்கும்; கேட்டவர் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும்; தவறினால் அதே சொல் மீண்டும் ஒலிக்கும். பயிற்சிக்கு முன் சுமார் 78 விழுக்காடாக இருந்த சரியான விடைகள் பின்னர் சுமார் 86 ஆயின. உயர்வு சிறிதுதான், ஆனால் பல ஆண்டுகள் வேரூன்றிய செவிப்பழக்கம் மூன்றே வாரங்களில் அசைந்ததை அற்பமென்று தள்ள முடியாது.

இப்பயிற்சியின் உயிர்நாடி, சொற்களை ஐந்து வெவ்வேறு பேர் உச்சரித்ததில் இருக்கிறது. 1993இல் வெளியான தொடராய்வில் ஒரே குரலில் பயின்றவர்களும் முன்னேறினார்கள், எனினும் புதிய குரல் வந்ததும் அந்தத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை. ஒரே குரலைக் கேட்பவர் அதற்கே உரிய தற்செயலான கூறுகளைப் பிடித்துக்கொண்டு விடை சொல்லிவிடலாம். குரல்கள் மாறும்போதோ அவை உதிர்ந்து, எல்லாக் குரல்களிலும் மாறாமல் தொடரும் கூறின்மேல் கவனம் சென்று படிகிறது.

பின்னர் வந்த ஆய்வுகள், பேச்சுப் பயிற்சி எதுவுமின்றிக் கேட்டு மட்டுமே பழகியவர்களின் உச்சரிப்பை, பழகுவதற்கு முன்னும் பின்னும் பதிவுசெய்து அமெரிக்கர்களிடம் ஒலிக்கச் செய்தன. பழகிய பின் பதிவான உச்சரிப்பே தெளிவாக இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். மூன்று மாதங்கள் கழித்தும் அந்தத் தெளிவு நிலைத்திருந்தது.