நாடகப் பெட்டியின் பூட்டு

(படப்பையில் கூடிய வாசகர் கூட்டமொன்றில் தோழர் ஒருவர் பேசிய பேச்சின் சாரம்)



நாடகம் கற்கும் மாணவர்களுக்கும், அதைக் கற்பிக்கும் உபாத்தியாயர்களுக்கும் இணையத்தில் என்னென்ன கிடைக்கின்றன, அவற்றை எப்படி உபயோகித்துக்கொள்வது என்பதைப்பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. நான் நாடகக்காரனுமல்ல; கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவனுமல்ல. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறவன். ஷிப்டு முடிந்த நேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போட்டுப் பார்க்கிறவன். அந்த அனுபவத்தில் எனக்குப் பட்டதைச் சொல்லுகிறேன். நான் சொல்லுவதாலேயே அது சரியாகிவிடாது. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, சரியென்று தோன்றுவதை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022-ஆம் வருஷம் முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்று ஒன்று நடத்தப்பட்டு வருவது உங்களுக்குத் தெரியும். அதற்காக எட்டாவது படிக்கும் ஒரு பெண், அண்ணாவின் "சந்திரமோகன்" நாடகத்தில் சிவாஜி வேஷம் போட ஆசைப்பட்டாள். உடனே அவள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "நீ என்ன கூத்தாடிகள் வீட்டிலா பிறந்தாய்?" என்று கேட்டார். அதே தெருவில் ஒரு பையன். அவன் தாத்தா கூத்தாடினவர். அவனுக்கு நாடகத்தில் கொஞ்சமும் இஷ்டமில்லை. மோட்டார் மெக்கானிக் வேலை கற்க வேண்டுமென்பது அவன் ஆசை. அவனைப் பார்த்து அதே பெரியவர், "உனக்குத்தானடா இது வரும், உன் ரத்தத்திலேயே ஊறினதாச்சே" என்றார்.

தோழர்களே! இந்த இரண்டு பேச்சும் வேறு வேறா? பிறப்பைச் சொல்லி ஒருத்தியை வெளியே நிறுத்துவதும், பிறப்பைச் சொல்லி ஒருவனை உள்ளே கட்டிப்போடுவதும் ஒரே பூட்டின் வேலைதானே! நான் இன்று பேச வந்தது அந்தப் பூட்டைப்பற்றித்தான். நாடக வித்தையை இவ்வளவு காலம் பூட்டி வைத்திருந்த பெட்டி இன்று திறந்து கிடக்கிறது. திறந்து கிடப்பது நமக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் கையை விட்டு எடுக்கத் துணிவில்லை.

முன்னே நாடகம் கற்க வேண்டுமானால் என்ன வழி இருந்தது? கம்பெனி ஒரு வழி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவை நடத்தினார். அதைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் சேர வேண்டுமானால் சிறு பிள்ளைகள் தாய் தகப்பனை விட்டு, ஊர் ஊராய் அலைந்து, வாத்தியார் வாயைப் பார்த்துப் பாடம் பண்ண வேண்டும். சபா இன்னொரு வழி. பம்மல் சம்பந்த முதலியார் முதலியவர்கள் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். நாடகத்துக்கு மரியாதை தேடித் தந்த சபைதான். ஆனால் அது வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூடின இடம். மூன்றாவது, நம் கிராமத்துக் கூத்து. அது குடும்பத்துக்குள்ளும் ஜாதிக்குள்ளும் கைமாறி வந்தது. பெண்களுக்கோ சபாவிலும் கூத்திலும் பெண் வேஷம்கூடக் கிடையாது. அதையும் ஆண்களே போட்டுக்கொண்டார்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்திக் காட்டியும், நடிக்க வந்த பெண்ணை இழிவாய்ப் பேசுகிற வழக்கம் ஒழியவில்லை. ஆகவே, காசில்லாதவனுக்கும், பிறப்பில் "உரிமை" இல்லாதவனுக்கும், பெண்ணுக்கும் கதவு மூடித்தான் இருந்தது.

நிற்க, இன்றைக்கு வருவோம். நமது மாணவர் கையிலிருக்கும் செல்போனில் என்ன கிடைக்கிறது?

1998 பொங்கலன்று ஆரம்பிக்கப்பட்ட மதுரைத் திட்டம் என்பது, உலகத்தின் பல மூலைகளிலுள்ள தமிழர்கள் கூலியில்லாமல் உட்கார்ந்து தட்டச்சு செய்து, தமிழ் நூல்களை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கும் ஏற்பாடு. 1891-இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் "மனோன்மணீய"த்தை அதில் படிக்கலாம். சர்க்கார் நடத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இல் ஏற்பட்டது. அதன் மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். ஈழத்துத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய "நூலகம்" என்னும் இணைய நூலகத்தில் அந்நாட்டு நாடகாசிரியர்களின் நூல்களும் பத்திரிகைகளும் குவிந்து கிடக்கின்றன. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களையே சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். நோட்டீஸ்தானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், என்ன நாடகம், டிக்கெட் என்ன விலை என்பதையெல்லாம் அந்த ஒரு துண்டுக் காகிதம்தான் சொல்லும். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில் ஷேக்ஸ்பியரும் இப்ஸனும் காலணாச் செலவில்லாமல் கிடைக்கிறார்கள்.

"இதையெல்லாம் எடுத்து மேடையில் போட்டால் யாராவது கேஸ் போடுவார்களோ?" என்று ஒரு உபாத்தியாயர் என்னைக் கேட்டார். நியாயமான பயம், சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் ஆசிரியர் இறந்த வருஷத்துக்குப் பின் 60 வருஷம் வரையில்தான் பதிப்புரிமை. சம்பந்த முதலியாரும் பாரதிதாசனும் 1964-இல் காலமானார்கள். 2024-ஆம் வருஷக் கடைசியோடு அந்தக் கெடுவும் தீர்ந்துவிட்டது. அண்ணாவின் எழுத்துக்கள் 1995-லேயே நாட்டுடைமையாகிவிட்டன. உரிமை தீராத நாடகமாயிருந்தாலும், பள்ளிக்கூட நடவடிக்கையின் பாகமாக ஆசிரியரும் மாணவரும் நடித்து, அப்பள்ளியைச் சேர்ந்தவர்களும் பெற்றோர்களும் மாத்திரம் பார்ப்பதானால் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆகையால் பயத்துக்கு இடமில்லை. ஊரைக் கூட்டி டிக்கெட் போடும்போதுதான் அனுமதி கேட்க வேண்டும்.

இனி, "குருவில்லாத வித்தை உண்டா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லுகிறேன். அவர்கள் சொல்லுவதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. போனைப் பார்த்தே ஒருவன் நடிகனாகிவிட முடியாது. குரல் எங்கே உடைகிறது, கால் எங்கே பிசகுகிறது என்பதை எதிரே நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பத்துப் பேர் கூடி ஒத்திகை பார்க்காமல் நாடகம் வராது. ஆனால், சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்பது வேறு. சொல்லிக் கொடுக்கிறவன் காலில் விழுந்து கிடக்க வேண்டும் என்பது வேறு. இன்ன வீட்டில் பிறந்தவனுக்குத்தான் சொல்லிக் கொடுப்பேன் என்பது அதைவிட மோசம். புத்தகத்தைத் தானே படித்துவிட்டு வந்த மாணவன் வாத்தியாரைக் கேள்வி கேட்பான். கேள்விக்குப் பயப்படாத வாத்தியார்தான் நமக்கு வேண்டும். "நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?" என்று சம்பந்த முதலியார் ஒரு புத்தகமே எழுதினார். அது ரத்தத்தில் வருகிற சங்கதியானால் அவர் ஏன் மெனக்கெட்டு எழுதுகிறார்?

இதற்கு நம் பக்கத்திலேயே ருசு இருக்கிறது. இதே வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம் வழி. அந்தக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் என்ற கிராமத்தில், கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் இராஜகோபாலும், ஹாலந்து தேசத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஹன்னே டி புருயின் அம்மையாரும் 2002-இல் கட்டைக்கூத்துக் குருகுலம் என்ற பள்ளியை நடத்த ஆரம்பித்தார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பும் உண்டு, கூத்தும் உண்டு. ஆண்களே ஆடி வந்த அந்தக் கூத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி, அரிதாரம் பூசி, விடிய விடிய ஆடிக் காட்டினார்கள். அந்தப் பள்ளி 2020-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் பெண்ணுக்குக் கூத்து வராது என்ற பேச்சு அங்கே பொய்யானது பொய்யானதுதான்.

அந்த 2020-ஐப்பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனாவினால் ஊரடங்கிய அந்த வருஷத்தில், லண்டன் தேசிய நாடக அரங்கம் தன் நாடகங்களை வாரம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் காட்டிற்று. படப்பையில் உட்கார்ந்துகொண்டு லண்டன் நாடகம் பார்த்தோம், சந்தோஷம். அதே மாதங்கள்தான் நம் கூத்துக்காரர்களுக்கு வருஷச் சம்பாத்தியம் வருகிற காலம். ஆட்டமெல்லாம் நின்றுபோய் அவர்கள் வயிறு காய்ந்தது. ஆனால் அவர்கள் முன்னே ஆடின ஆட்டங்களை எவரெவரோ படம் பிடித்து யூடியூபில் போட்டது மாத்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. எத்தனை படங்களில் ஆடினவன் பெயர் இருந்தது? எத்தனை பேருக்கு ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்தது?

ஆகவே, "எல்லாம் இலவசம்" என்று நாம் குதூகலிக்கும்போது, யார் உழைப்பு இலவசமாகிறது என்றும் கேட்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முன் எழுதிய புத்தகம் பொதுச் சொத்தாவது நியாயம். இன்று உயிரோடிருந்து ஆடுகிறவன் உடம்பு பொதுச் சொத்தல்ல. கூத்தைப் படம் பிடிக்கப் போனால் முதலில் அனுமதி கேளுங்கள். ஆடினவர், பின்பாட்டுப் பாடினவர், மிருதங்கம் அடித்தவர், முகவீணை வாசித்தவர் எல்லோருடைய பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு போடுங்கள். பள்ளிக்குக் கற்பிக்க அழைத்தால் சால்வை போர்த்தி அனுப்பாமல் கூலியைக் கையில் கொடுங்கள்.

அடுத்தபடியாக, கிடைத்ததையெல்லாம் அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. அச்சில் இருந்தால் உண்மை என்று நம்பின ஜனங்கள் இப்பொழுது செல்போனில் வந்தால் உண்மை என்று நம்புகிறார்கள். எழுதினது யார், எந்த வருஷம், எதைப் பார்த்து எழுதினான் என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். பழைய கதைகளில் பெண்ணை இழிவுபடுத்தும் பாகமும், ஒரு பிறப்பை உயர்த்தி ஒரு பிறப்பைத் தாழ்த்தும் பாகமும் நிறைய உண்டு. அதற்காகப் பழையதையே படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்தால்தானே மறுக்க முடியும்! பாரதிதாசன் என்ன செய்தார்? புராணத்தில் அரக்கன் என்று தூற்றப்பட்டவனையே கதாநாயகனாக்கி "இரணியன் அல்லது இணையற்ற வீரன்" எழுதினார். 1934-இல் சென்னையில் பெரியார் தலைமையில் அது நடிக்கப்பட்டது. பழைய பாத்திரத்தில் புதிய சமையல் செய்ய, பழைய பாத்திரம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாடகம் வெறும் பொழுதுபோக்கு, இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பொழுதுபோக்கானால் வெள்ளைக்கார சர்க்கார் 1876-இல் நாடகத்துக்கென்றே ஒரு தடைச் சட்டம் ஏன் கொண்டு வந்தது? எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் பரபரப்பாக நடந்த காலத்தில், 1954-இல், நம் சர்க்காரும் ஏன் ஒரு சட்டம் செய்தது? அந்த 1954 சட்டத்தை 2013-இல்தான் சென்னை ஐகோர்ட் செல்லாதென்று தள்ளிற்று. எழுத்தறியாதவனும் நாடகம் பார்த்து யோசிப்பான் என்ற பயம்தான் காரணம்.

முடிவாக, நாம் செய்யக்கூடியது என்ன? பெரிய பணம் வேண்டியதில்லை. ஒரு செல்போன், சத்தமாக வாசிக்க ஒருவர், கேட்கப் பத்துப் பேர் இருந்தால் போதும். அந்தக் காலத்தில் ஒருவர் பத்திரிகையை வாசிக்கப் படிப்பில்லாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கவில்லையா? அப்படி வாரத்துக்கு ஒரு நாடகத்தை வாசித்து, தர்க்கம் செய்து, பிறகு எழுந்து நின்று நடித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் வயதான கூத்து வாத்தியார்கள் இருப்பார்கள். அவர்கள் மனத்திலுள்ள பாடத்தை, அவர்கள் இஷ்டப்பட்டால், அவர்கள் பெயரிலேயே எழுதி வையுங்கள். இணையத்திலிருந்து எடுப்பதோடு நில்லாமல் நாமும் அதில் ஒரு பிடி போட வேண்டும்.

நான் முதலில் சொன்ன பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். வாளெடுத்து நாட்டைப் பிடித்தவனுக்கும் முடிசூட்டிக்கொள்ளப் பிறப்பு குறுக்கே நின்றது என்பதல்லவோ அந்த நாடகத்தின் கதை! மின்னூலகத்திலிருந்து எடுத்து அதை அவள் அந்தப் பெரியவருக்கே வாசித்துக் காட்டினாள். அவர் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. அவள் நடித்தாள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு சிறு பிள்ளைகளுக்கு அவள்தான் வசனம் சொல்லிக் கொடுக்கிறாள். அந்த மெக்கானிக் பையன் மேடைக்கு விளக்குக் கட்டித் தருகிறான். அது அவன் விரும்பிச் செய்கிற வேலை.

பூட்டு திறந்திருக்கிறது, தோழர்களே! அதை மறுபடியும் யாராவது பூட்டுவதற்கு முன் உள்ளே போங்கள். போகும்போது தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.