இசைத்தட்டில் ஏறாத இருவர்

காஞ்சிப் பெருமக்களே, தறியைச் சற்று நிறுத்திவிட்டு வந்திருக்கும் பிள்ளையார்பாளையத்துச் சொந்தங்களே,

ஜாஸ் இசை வளர்ந்த கதையைப் பேசச் சொன்னீர்கள். இரண்டு மனிதர்களிடமிருந்து தொடங்குகிறேன். ஒருவர் நம் ஊர்க்காரர், கர்நாடக இசைப் பாடகர் காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். மற்றவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர் பட்டி போல்டன். 1877-ல் பிறந்தவர், கார்னெட் என்ற ஊதுகருவியை வாசித்தவர். ஜாஸின் முதல் பெரிய பெயர் அவருடையதுதான். 1907-ல் மனநலம் குன்றி மருத்துவமனைக்குப் போனவர் வீடு திரும்பவே இல்லை. 1931-ல் அங்கேயே இறந்தார். இந்த இருவரின் இசையும் இன்று நம் காதுக்கு எட்டாது. இருவருக்கும் இசைத்தட்டு இல்லை.

ஜாஸ் தெருவில் பிறந்த இசை. நியூ ஆர்லியன்ஸில் ஒருவர் இறந்தால், பித்தளை வாத்தியக் குழு இடுகாடு வரை துயரமாக வாசித்துக்கொண்டு போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே குழு துள்ளலாக வாசிக்கும். தெருவே பின்னால் ஆடிக்கொண்டு வரும். வரதராஜப் பெருமாள் புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் மல்லாரி கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? கால் நடக்க நடக்க வளரும் இசை என்றால் என்னவென்று இந்த ஊர் ராஜவீதிகளுக்குத் தெரியும்.

அந்த முதல் ஜாஸில் கார்னெட், கிளாரினெட், டிராம்போன் எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று பின்னி ஒலித்தன. 1920-களில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வந்தார். மற்றவர்கள் துணை நிற்க, ஒருவர் தனியாகத் தன் மனோதர்மத்தை விரிக்கலாம் என்று காட்டினார். 1930-களில் பெரிய நடன அரங்குகள் வந்தன. அவற்றை நிறைக்கப் பதினைந்து பேர் கொண்ட குழுக்கள் தேவைப்பட்டன. அத்தனை பேர் சேர்ந்து வாசிக்க எழுதி வைத்த இசை தேவைப்பட்டது. டியூக் எலிங்டன், கவுன்ட் பேஸி ஆகியோரின் ஸ்விங் காலம் அது. 1944-ல் நடனம் நடக்கும் இடங்களுக்கு அமெரிக்க அரசு கடுமையான வரி போட்டது. பல இடங்களில் ஆட்டம் நின்றது. உட்கார்ந்து கேட்கும் சிறிய அறைகள் பெருகின. அந்த அறைகளில்தான் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் மின்னல் வேகத்தில், கணக்குச் சிக்கலோடு வாசித்த பீபாப் செழித்தது. பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறும்போது புடவையின் அமைப்பே மாறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். கலையின் நடையை மேதை மட்டும் தீர்மானிப்பதில்லை. வரியும் கூலியும் கூடத் தீர்மானிக்கின்றன.

1959-ல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தில் இன்னொரு திருப்பம். அடிக்கடி சுர அடுக்குகளை மாற்றி ஓடுவதை விட்டு, ஒரே சுர வரிசையில் நின்று, நிதானமாக உள்ளே போனார்கள். அதில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன் பின்னர் நம் நாட்டு இசையைத் தேடிப் படித்தார்; தன் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார்.

இப்போது நைனாப் பிள்ளையின் பல்லவிக்கு வருகிறேன். பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அந்த ஒற்றை வரியைக் காலம் மாற்றி, நடை மாற்றி, சுரங்களாக விரித்து, தாளத்தின் அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. ஜாஸ் கலைஞரும் ஒரு சிறிய மெட்டின் சட்டத்துக்குள் இதைத்தான் செய்கிறார். நைனாப் பிள்ளை அதைத் தனியாகச் செய்யவில்லை. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை வைத்துக்கொண்டு, லயச் சிங்கங்களுக்கு நடுவே பாடினார். ‘ஃபுல் பெஞ்ச்’ என்று ரசிகர்கள் வியந்து சொன்ன கச்சேரி அது. அவர் இங்கே நடத்திய தியாகராஜ உற்சவத்தில் அதைக் கேட்டு வளர்ந்த ஒரு சிறுமிதான் டி.கே.பட்டம்மாள். பெண்களுக்குப் பல்லவி எதற்கு என்றிருந்த காலத்தில் மேடையேறிப் பல்லவி பாடினார். டி.பிருந்தா நைனாப் பிள்ளையிடம் நேரில் கற்றார். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர் பாணியைக் கடைசி வரை சுமந்தார். தட்டு இல்லாத குறையைத் தொண்டைகள் தீர்த்தன.

கோர்வை என்ற சொல் இங்கே தறியிலும் உண்டு, தாளத்திலும் உண்டு. புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கரை நாடாவை எறியத் துணையாள் ஒருவர் வேண்டும். இரண்டு நிறமும் மங்காமல், இழை பிரியாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். 1975-ல் ஜான் மெக்லாலினின் கிதாரோடு எல்.சங்கரின் வயலினும் ஜாகிர் உசேனின் தபேலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்த ‘சக்தி’ குழு செய்தது அந்தக் கோர்வையைத்தான். நைனாப் பிள்ளையின் மேடையில் பக்கவாத்தியமாக இருந்த கடம், ஜாஸ் அரங்கில் சரிக்குச் சமமாக உட்கார்ந்தது. 2024-ல் அதே குழு கிராமி விருது பெற்றபோது விக்குவின் மகன் செல்வகணேஷ் அதில் இருந்தார். இடையில் 1980-ல், மும்பை ஜாஸ் யாத்ராவில், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் நம் ராகங்களை வாசித்து ஜாஸ் கலைஞர்களையே வியக்க வைத்தார். காஞ்சி காமகோடி பீடத்தின் ஆஸ்தான வித்துவானாக இருந்தவர் அவர்.

நண்பர்களே, போல்டனின் தட்டு இல்லையே, அவரைப் பற்றி எப்படித் தெரிந்தது? அவரைக் கேட்டவர்கள் சொன்னார்கள், அதை ஊர் எழுதி வைத்தது. 1958-ல் நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகம் ஜாஸுக்கென ஓர் ஆவணக் காப்பகத்தையே தொடங்கியது. முதிய வாத்தியக்காரர்களைத் தேடிப் போய், அவர்கள் பேசப் பேச ஒலிநாடாவில் பதிந்தார்கள்.

நைனாப் பிள்ளையை நேரில் கேட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள். உங்களை மன்றாடிக் கேட்கிறேன். இன்று இரவே வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். உற்சவத்தைப் பற்றி, பாடகர்களைப் பற்றி, தவில் நாகசுரக்காரர்களைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய அழைப்பிதழோ புகைப்படமோ பெட்டியில் கிடந்தால் எடுத்து வாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவற்றோடு வாருங்கள்.