கடலை வனையும் கலைஞர்கள்

ஜப்பானியர் சிறு வில்வளைவுகளை அடுக்கி அலைகளைக் காட்டும் 'செய்கைஹா' என்னும் கோலத்தைத் துணியிலும் கலங்களிலும் நெடுங்காலமாகத் தீட்டி வந்துள்ளனர். ஆனால், அந்நாட்டின் இன்றைய வனைகலைஞர் சிலர் கடலைக் கலத்தின்மேல் வரைவதை விட்டு, கலத்தின் உருவத்தையே கடலிடமிருந்து பெறுகின்றனர்.

இதற்குச் சூளையிலேயே ஒரு முன்மரபு உண்டு. இசே விரிகுடாவை ஒட்டிய தொகோனாமே என்னும் ஊரில், கடற்பாசியைக் கலத்தின்மேல் சுற்றிச் சுடும் 'மொகாகே' என்ற முறை வழங்கி வந்தது. வெப்பத்தில் பாசி எரிந்துபோக, அதிலிருந்த உப்பின் சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு கூடி உருகிக் கண்ணாடிப் படலமாவதால், பாசி தழுவிய தடம் கலத்தில் நிலைத்துவிடுகிறது.

இன்றைய கலைஞருள் தனித்து நோக்கத்தக்கவர், இசு தீபகற்பத்தின் ஷிமோதாவில் 1958இல் பிறந்த சகியாமா தகாயுகி. அலையோசையைக் கேட்டல் என்று பொருள்படும் தலைப்பில் அவர் படைத்துவரும் கற்கலங்கள், அதாவது உயர்வெப்பத்தில் நீர் ஊடுருவாதபடி இறுகச் சுட்ட மட்கலங்கள், இரட்டைச் சுவர் கொண்டவை. வெளிச்சுவர் முறுக்கிச் சுழன்று மேலெழுந்து, வாய் விளிம்பில் மடிந்து உட்சுவராக இறங்குவதால், அகம் எங்கே தொடங்குகிறது, புறம் எங்கே முடிகிறது என்று கண் தடுமாறுகிறது. அலை வடிந்த கரையின் மணல்வரிகளை ஒத்த இணைகோடுகள் மேற்பரப்பெங்கும் நெருங்கிச் செல்கின்றன; மணல்நிற மெருகு பளபளப்பின்றிச் சொரசொரப்பாக இருப்பதால், வரியின் முகட்டில் ஒளியும் பள்ளத்தில் நிழலும் தங்கி, பார்ப்பவர் நகர நகர வரிகளும் நகர்வதாகத் தோன்றுகிறது. அசைவற்ற மண்ணில் நீரின் விசையை இவ்வளவு நிறைவாகத் தேக்கியவர் அரியர்.

1943இல் பிறந்த கொய்கே ஷோகோவின் நாட்டமோ சிப்பியின்பால் சென்றது. சக்கரத்தில் வனைந்த உடலில் மெல்லிய மண்மடல்களைக் கையால் சேர்த்து, விளிம்புகளை நெளித்து, ஒளிபுகா வெண்மெருகு பூசி அவர் படைத்த கலங்கள், கடலுயிர் தன் ஓட்டைத் தானே வளர்த்துக்கொண்ட இயல்பைக் காட்டுகின்றன.

கியோத்தோவில் 1947இல் பிறந்து, 1985இல் இத்தாலியின் ஃபயென்சா நகரப் பன்னாட்டு வனைகலைப் போட்டியில் பெரும்பரிசு வென்ற ஃபுகாமி சுவேஹாரு, அலையையும் சிப்பியையும் விடுத்துத் தொடுவானத்தை எடுத்துக்கொண்டவர். வட்ட வடிவங்களுக்கே உரிய சக்கரத்தைத் தவிர்த்து, கூழாகக் கரைத்த பீங்கான் மண்ணை அச்சினுள் அழுத்தத்தோடு செலுத்தி அவர் வார்க்கும் நீண்ட உருவங்கள், கத்தி அலகளவு கூரிய விளிம்பு கொண்டவை. அவற்றின் வெளிர்நீல மெருகு சீனத்துச் சொங் அரசர் காலத்துப் பீங்கானின் வழிவந்தது. மெருகிலுள்ள மிகச் சிறிதளவு இரும்பு, உயிர்வளி குறைந்த சூளையில் சுடப்படுவதாலேயே அந்நீலத்தைத் தருகிறது.